நாலு மணி நேரப் படிப்பு

தாஜுதீனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த சில நாளிலேயே அவர் மனைவி ரோஷன் பேகம் பீரோவின் மேலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை இறக்கினாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு வருஷம், மகள் இன்ஷாவுக்கு டிக்‌ஷனரி வாங்கப் புத்தகக் கண்காட்சிக்குப் போன தாஜுதீன் இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். உழைப்பு, கூலி, லாபம், மூலதனம் எல்லாம் எப்படி உண்டாகின்றன என்று ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து எழுதியதாம். மூன்று பாகங்களில் இது முதல் பாகம். அங்கே தொழிலாளர் கேம்பில் அவரோடு தங்கியிருந்த ஒரு மலையாளி இதைத்தான் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருப்பாராம்.

"வேலையை விட்டு வந்ததும் நிதானமா படிக்கணும்" என்று சொல்லிப் பீரோ மேல் வைத்தவர், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்த்தான் ஊர் திரும்பினார்.

வாரத்தில் மூன்று நாள் காலையில் பாலக்கரையிலிருந்து ஆட்டோ பிடித்துப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றி, ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வர நாலு மணி நேரம் ஆகும். கையை அசைக்கக் கூடாது. முதல் சில நாள் தாஜுதீன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ரோஷன் பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார், அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்த மௌனம் தாங்காமல்தான் அவள் புத்தகத்தை இறக்கினாள்.

"இதைப் படிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்கள்ல மச்சான். இப்ப நேரம் இருக்கு, படிங்க."

"ஒத்தக் கையில இத எப்படிப் பிடிக்கிறது? செங்கல் மாதிரி இருக்கு."

"நான் பிடிச்சுக்கறேன். நானே வாசிக்கறேன், நீங்க கேளுங்க."

ரோஷன் வீட்டில் ரவிக்கை தைப்பவள். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள்தான். தமிழ் நன்றாக வாசிப்பாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அந்தத் தைரியத்தில் கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.

அரைப் பக்கத்திலேயே தைரியம் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். பண்டம் என்றால் தெரியும், மதிப்பு என்றால் தெரியும், உழைப்பு என்றால் நன்றாகவே தெரியும். ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரு வாக்கியமாக வந்து நின்றதும் யாரோ கண்ணில் துணியைக் கட்டியது போல ஆகிவிட்டது. ஒரு வாக்கியம் பாலக்கரையில் ஏறி மன்னார்புரத்தில்தான் இறங்கியது. இறங்கும்போது எங்கே ஏறினோம் என்பது மறந்து போயிருந்தது. அடிக்குறிப்புகளையும் விடாமல் வாசித்தாள். அவை மூல வாக்கியத்தைவிட மோசமாக இருந்தன.

"புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னொரு தடவ வாசி."

இன்னொரு தடவை வாசித்தாள். தாஜுதீனின் கண்கள் மூடியிருந்தன. யோசிக்கிறார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஊசி இடத்தைச் சரிபார்க்க வந்த நர்ஸ் இருதயமேரி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஏதும் பரீட்சை எழுதுறீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் ஏதோ பரீட்சை வச்சிருக்கான் ஆண்டவன்" என்றாள் ரோஷன்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. முதல் அத்தியாயம் பாதியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாள் படித்தது நினைவில் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அர்த்தம் விளங்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்பதில் தாஜுதீன் பிடிவாதமாக இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஒரே பத்தியை நாலாவது முறை வாசிக்கச் சொன்னபோது ரோஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"இது நமக்கான புத்தகம் இல்லைங்க. காலேஜ்ல பாடம் நடத்துறவங்க படிக்கிறது. எதுக்கு வீணா?"

தாஜுதீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் எடுத்தது எதுதான் உருப்பட்டிச்சு" என்றார் மெதுவாக.

ரோஷனுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே அவர் இப்படித்தான் பேசினார். டாக்டர் முதல் நாள் கேட்ட கேள்விகள்தான் காரணம். தண்ணீர் ஒழுங்காகக் குடிப்பீர்களா, வலி மாத்திரை நிறையப் போடுவீர்களா, பிரஷரைப் பார்த்துக்கொண்டீர்களா என்று டாக்டர் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். மூன்றுக்கும் தாஜுதீன் தலை குனிந்துதான் பதில் சொன்னார். அன்றிலிருந்து தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டு குடும்பத்தின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவர் மனசில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று ரோஷன் சொன்னபோது எரிந்து விழுந்தார். "நான் செஞ்ச தப்புக்கு உன் உடம்ப அறுக்கணுமா? இந்தப் பேச்ச இதோட விடு." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு வழியே கிடைக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டேள்?"

குரல் அடுத்த கட்டிலிலிருந்து வந்தது. ரங்கநாயகி மாமி. ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து கால் டாக்ஸியில் வருபவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே ஷிஃப்டில்தான் அவருக்கும் டயாலிசிஸ். இத்தனை நாளும் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார். பாசுரம் கேட்கிறார் என்று ரோஷன் நினைத்திருந்தாள்.

"நீங்க தூங்கலையா மாமி? தொந்தரவா இருந்துச்சா?"

"தொந்தரவா? மூணு வாரமா பாசுரத்தை நிறுத்திட்டு உங்களைத்தானே கேட்டுண்டிருக்கேன். அவர் தூங்கினாலும் நான் முழிச்சுண்டுதான் இருந்தேன்."

ரோஷனுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்காவது புரிஞ்சுதா?"

"ஒரு அட்சரம் புரியலை" என்றார் மாமி சந்தோஷமாக. "ஆனா புரியலைன்னு ஒரே இடத்துல நின்னுண்டிருக்கேளே, அதுதான் நேக்குத் தாங்கலை. எங்காத்துல பாசுரம் கத்துக்கறச்சே சந்தைன்னு ஒரு முறை உண்டு. பெரியவா ஒரு தரம் சொல்லுவா, நாம ரெண்டு தரம் திருப்பிச் சொல்லணும். அர்த்தம் கேட்கப்படாது. முழுக்க வாயில ஏறினப்புறம்தான் அர்த்தம். நடுவுல நின்னு அர்த்தம் கேட்டா ஒரு பத்துப் பாட்டுக்கூட முடியாது."

ரோஷன் யோசித்தாள். தெரு முனை மதரஸாவில் சின்ன வயதில் அவளும் அப்படித்தான் ஓதக் கற்றாள். அரபி எழுத்து ஒவ்வொன்றாக நாக்கில் ஏறி, வரியாகி, பக்கமாகி, மனசில் நின்ற பிறகு பல வருஷம் கழித்துத்தான் அர்த்தத்தைத் தமிழில் வாசித்தாள். வாசித்தபோது தெரிந்த வீட்டுக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அது வேற, இது வேற மாமி" என்றாள் தயக்கத்தோடு.

"வேறதான். யார் இல்லேன்னா? படிக்கற வாயும் கேட்கற காதும் ஒண்ணுதானே. மேல போங்கோ."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தாஜுதீன் திரும்பினார். "மாமி சொல்றதும் சரிதான். அந்த மலையாளியும் இதத்தான் சொல்வாரு. முதல்ல கடந்து போயிடணும், அப்புறம் திரும்பி வந்துக்கலாம்னு."

"இத மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று ரோஷன் முறைத்தாள்.

அன்றே சட்டம் போட்டார்கள். அத்தியாயம் முடியும்வரை யாரும் அர்த்தம் கேட்கக் கூடாது. பத்திக்கு இரண்டு வாசிப்புத்தான். அடிக்குறிப்புக்குப் போகவே கூடாது. தூங்கினால் தூங்கட்டும், எழுப்பக் கூடாது.

அந்தச் சட்டத்தால் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. புரிந்தே ஆக வேண்டும் என்ற பயம் போனதும் ரோஷனின் குரலே மாறிவிட்டது. கதை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். மூன்று வாரமாக நகராத முதல் அத்தியாயம் ஐந்தே காலைகளில் முடிந்துபோயிற்று. முடிந்த அன்று இருதயமேரி கைதட்டினாள். அர்த்தம் என்னமோ இன்னும் வந்தபாடில்லை.

அது வந்தது வீட்டில், அவள் எதிர்பார்க்காத நேரத்தில். தெருவில் புதிதாகத் தையல் பழகிய ஒரு பெண், "அக்கா, நீங்க ஒரே நாள்ல முடிக்கிற பிளவுஸை நான் மூணு நாள் தைக்கிறேன். நான்தான அதிகமாப் பாடுபடுறேன்? ஆனா கூலியக் கூட்டிக் கேட்டா சிரிக்கிறாங்க" என்று புலம்பினாள். "நீ மூணு நாள் தைச்சா அது உன் பாடு. ஊர்ல எல்லாரும் எவ்வளவு நேரத்துல தைக்கிறாங்களோ அதுக்குத்தான் மதிப்பு" என்று சொல்லிவிட்டு ரோஷன் மெஷின் பெடலில் வைத்த காலை அப்படியே நிறுத்தினாள். எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது. எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். முதல் அத்தியாயத்தில், அவர்கள் மூன்று தடவை வாசித்துத் தோற்றுப்போய், நாலாவது தடவைக்கு அவள் மூடிவைத்த அதே பத்தி. இப்போது அது அவளிடம் ரொம்பச் சாதாரணமாகப் பேசிற்று.

"மச்சான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் படுத்திருந்த தாஜுதீன் பதறிப்போய் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பத்தியைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா அந்த ஆளு இவ்வளவு சுத்தி வளைச்சாரு?"

எல்லாம் அப்படிப் புரிந்துவிடவில்லை. பணத்தைப் பற்றிய அத்தியாயம் கடைசிவரை பிடிபடவில்லை. மாமி அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினார். ஆனால் தாண்டிப் போகலாம் என்று தெரிந்துவிட்டதால் யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது, வேலைநாள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே திடீரென்று புத்தகத்துக்குள் மனிதர்கள் நடமாட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து ஆலைகளிலும் சூளைகளிலும் வேலை செய்தவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், நின்றுகொண்டே எப்படிச் சாப்பிட்டார்கள், எந்த வயதில் எந்த நோயில் விழுந்தார்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ரோஷன் வாசிக்க வாசிக்க எதிர்க் கட்டிலில் இருந்தவர்கூட டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு காலம்பற ஆத்துக்கு வந்தா, பாத்ரூம்ல நின்னுண்டே தூங்குவேன்" என்றார் மாமி, யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் ரோஷன் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியிருந்தது. துடைக்க ஒரு கை மட்டுமே இருந்தது. அந்தக் கையையும் அவர் உயர்த்தவில்லை.

"என்னங்க, வலிக்குதா? சிஸ்டரைக் கூப்பிடவா?"

"இல்ல" என்றார். பிறகு தானாகப் பேசினார். "மொட்டை மாடியில ஏசி டக்ட் மாட்டுவோம் ரோஷன். தகரம் தொட்டா தோல் உரியும். தண்ணி கேன் கீழ இருக்கும், பதினோரு மாடி. இறங்கிப் போய் குடிச்சிட்டு வந்தா அந்த நேரத்தக் கம்பெனிக்காரன் சம்பளத்துல கழிச்சிருவான். அதனால யாரும் போறதில்ல. சாயங்காலம் இடுப்புல உயிர் போற மாதிரி வலிக்கும். மறுநாள் வேலைக்கு ஏறணுமே, ஆளுக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்குவோம். கேம்ப்ல எல்லாரும் போட்டோம். நான் மட்டும் இல்ல."

ரோஷன் அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். இருபது வருஷத்தில் ஒரு ஃபோனிலும் இதை அவர் சொன்னதில்லை. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், இன்ஷா எப்படி இருக்கா என்பதுதான் எப்போதும் பேச்சு.

"தண்ணி குடிக்காதது என் திமிருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் தாஜுதீன்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அன்று அவரே கேட்டார். "சார், வருஷக்கணக்கா வெயில்ல தண்ணியில்லாம வேலை பார்த்தா கிட்னி கெட்டுப்போகுமா?"

டாக்டர் நின்றார். "கெட வாய்ப்பு இருக்கு. உங்கள மாதிரி வெளிநாட்டுல வெயில் வேலை பார்த்துட்டு வர்றவங்க நிறையப் பேர இங்கேயே பார்க்கறேன். உங்க கேஸ்ல பிரஷர், வலி மாத்திரைன்னு எல்லாம் சேர்ந்திருக்கு. இதுதான்னு ஒண்ணக் கைகாட்ட முடியாது. ஆனா நீங்களே வேணும்னு இழுத்துவிட்டுக்கிட்டதுன்னு நினைக்காதீங்க. அது சரியில்ல."

தாஜுதீன் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தூக்கி வந்த சிமென்ட் மூட்டையைக் கீழே இறக்கியவர்போல அவர் தோள் தளர்ந்ததை ரோஷன் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னியே. உனக்கு இன்னும் சம்மதம்னா எடுத்துப் பார்ப்போம்."

"இப்பவாவது வாய் தொறந்தீங்களே" என்றாள் ரோஷன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்த வகை பொருந்தியது. ஸ்கேன், இருதயப் பரிசோதனை, அனுமதி தரும் கமிட்டி முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. கடைசியாக அவள் ரத்தத்தையும் அவர் ரத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை. அதன் முடிவு வருகிற அன்று ரோஷனால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை; எழுத்துகள் நழுவிக்கொண்டே இருந்தன. இருதயமேரி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "நெகட்டிவ்க்கா! நெகட்டிவ்!"

ரோஷன் புத்தகத்தை மூடினாள். "நெகட்டிவ்னா... சேரலையா?"

"ஐயோ, இல்லக்கா! நெகட்டிவ்னாத்தான் நல்லது. அண்ணன் உடம்பு உங்க கிட்னிய எதிர்க்காது. பொருந்திடுச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ரோஷன் ஸ்டூலிலேயே சாய்ந்துவிட்டாள். அடுத்த கட்டிலில் மாமி, "அந்த ஒரு நிமிஷம் நேக்கே மெஷின் நின்னுடுத்துன்னு நினைச்சேன்" என்றார்.

ஆபரேஷன் தை மாதத்தில் நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது ரோஷனுக்கு விலாப் பக்கம் தீயாக எரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்ஷா நின்றிருந்தாள். அழுதிருக்கிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

"உன் அத்தா?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

"யூரின் வந்துருச்சும்மா! ஆபரேஷன் டேபிள்லயே வந்துருச்சாம். பை நிறைஞ்சு மாத்திட்டாங்களாம். டாக்டர் வெளியில வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

ரோஷன் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மனிதனுக்கு மூத்திரம் வந்ததைக் கேட்டு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். வலி இருந்தது. ஆனால் உடம்பு முழுக்கப் பஞ்சு போல லேசாகிவிட்டது. அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கத்தைப்போல அதற்கு முன் பல மாதமாகத் தூங்கியதில்லை.

புத்தகத்தில் இன்னும் கடைசிச் சில அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. தாஜுதீன் வீடு வந்து சேர்ந்ததும் ரங்கநாயகி மாமியிடமிருந்து ஃபோன் வந்தது. வயதும் இருதயமும் இடம் கொடுக்காததால் மாமிக்கு மாற்றுச் சிறுநீரகம் இல்லை, டயாலிசிஸ்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் நன்னா ஆயிட்டேள், ரொம்ப சந்தோஷம். ஆனா என்னை நட்டாத்துல விட்டுட்டேளே. மீதியை யார் வாசிப்பா?"

டாக்டர் வெளியே போகலாம் என்று அனுமதி கொடுத்ததும், மாமிக்கு டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், தாஜுதீன் மாஸ்க் மாட்டிக்கொள்ள, இருவரும் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனார்கள். மாமி தனியாக இருந்த சின்ன ஃபிளாட் முதல் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். கூட்டம் வேண்டாமென்று வேலைக்காரப் பெண்ணையும் சீக்கிரம் அனுப்பியிருந்தார். ரோஷன் சோபாவில் உட்கார்ந்து வாசித்தாள். விலாவில் தையல் போட்ட இடம் லேசாக இழுத்தது. தாஜுதீன் புத்தகத்தின் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். இன்றைக்கு அவருக்கு இரண்டு கையும் இருந்தது.

இப்படி நாலைந்து முறை போனார்கள். நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஊர் ஊராக அலைந்து ஆலைக்கு வந்து சேர்ந்த கதை கடைசியில் வந்தது. அது புரிவதற்கு யாருக்கும் இரண்டு வாசிப்பு தேவைப்படவில்லை. கடைசி வரியை முடித்ததும் ரோஷன் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அச்சகத்தின் முகவரி இருந்தது. அதற்கப்புறம் அட்டைதான்.

"முடிஞ்சுதா?" என்றார் மாமி.

"முடிஞ்சுது மாமி."

"எல்லாம் புரிஞ்சுதோ?"

ரோஷன் நேர்மையாக யோசித்தாள். "பாதி புரிஞ்சிருக்கும். மீதி பாதில, எழுதினவரு என்ன கேக்குறாருன்னாவது தெரியுது."

"போதுமே" என்றார் மாமி. "எக்ஸ்சேஞ்ச்ல முப்பது வருஷம் இருந்தேன். அங்க அவ்வளவுகூடப் புரியலை."

தாஜுதீன் சிரித்துவிட்டு மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். புதிதாக வாங்கிக் கொண்டு வந்திருந்த இரண்டாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டு ரோஷன் எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுக்கக் குறியீடும் கோடும் அட்டவணையுமாக இருந்தது.

"இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் தாஜுதீன், புத்தகத்தை மூடிக்கொண்டே.

"ரமலான் முடியட்டும்" என்றாள் ரோஷன்.

"அதுக்கப்புறம் கோவில்ல உற்சவம் வேற இருக்கு" என்றார் மாமி, பெரிய நிம்மதியோடு. "தயிர்சாதம் பண்ணி வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்கோ. உப்பே போடலை. நம்ம மூணு பேருக்கும் ஆகும்."